கண்ணை ஏமாற்றிய கிண்ணம்

பழம்பொருள் சேகரிப்போரின் பேழைகளில் சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் காணலாம். வட்டப் பாதம், குட்டைத் தண்டு, அதன்மேல் ஆழமற்ற குழி. கையில் எடுத்தால் உருவுக்கு மீறிய கனம். விக்டோரியா அரசியார் காலத்து இலண்டன் தெருக்களில் ஐஸ்கிரீம் விற்ற கிண்ணம் அது. 'பென்னி லிக்' என்பது பெயர்; ஒரு பென்னிக்கு நக்கிச் சுவைப்பது என்று பொருள்.

குளிர் இனிப்பின் வரலாற்றில் அரபு மொழிக்கும் பங்குண்டு. 'ஷரிப' என்றால் குடித்தான். அவ்வேரிற் பிறந்த 'ஷர்பத்' துருக்கியர் வழியே இத்தாலி சென்று 'சொர்பெத்தோ' ஆயிற்று. நெடுங்காலம் செல்வர் விருந்துக்கே உரியதாயிருந்த குளிர் இனிப்பு, 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஏழையரையும் எட்டியது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கார்லோ காட்டி நார்வே நாட்டுப் பனிக்கட்டியைக் கப்பலில் வருவித்தார். இத்தாலியத் தள்ளுவண்டிக்காரர் தெருத்தெருவாக ஐஸ்கிரீம் விற்றனர்.

விற்ற கிண்ணத்திலோ ஒரு சூழ்ச்சி இருந்தது. தடித்த கண்ணாடி உள்ளிருப்பதைப் பெருக்கிக் காட்டிற்று. காசு கொடுத்த சிறுவனின் கண் கண்டது ஒன்று. நாவுக்குக் கிட்டியது வேறொன்று.

அதனினும் பெருந்தீங்கு பின்னே வந்தது. ஒருவர் நக்கித் தந்த கிண்ணம் சரிவரக் கழுவப்படாமலே அடுத்தவர் கைக்குச் சென்றது. 1879-இல் மருத்துவ அறிக்கையொன்று காலரா பரவியதற்கு இக்கிண்ணங்களைக் காரணமாகக் கூறிற்று. காசநோய் அச்சத்தால் 1899-இல் இலண்டனில் இவை தடை செய்யப்பட்டன.

கழுவ வேண்டாத கிண்ணத்தை உலகம் தேடிற்று. 1903-இல் நியூயார்க்கில் இத்தாலோ மார்க்கியோனி, உண்ணத்தக்க கிண்ணம் வார்க்கும் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 'ஸலாபியா' விற்ற சிரியா நாட்டவர் எர்னெஸ்ட் ஹம்வி, பக்கத்துக் கடைக்காரரிடம் கிண்ணம் தீர்ந்தபோது தம் மெல்லிய பணியாரத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்தார் என்பர். அப்பெருமைக்கு உரிமை கோரியோர் வேறு சிலரும் உளர். நம் இல்லங்களில் வழங்கும் 'ஜிலேபி' என்னும் சொல் அந்த ஸலாபியாவின் உறவேயாகும்.

இன்று அப்பழங்கிண்ணத்தைத் தேடி வாங்குவோர், பாதத்தின் அடியில் தேய்ந்த கீறல்களையும் கண்ணாடியுள் சிறைப்பட்ட குமிழ்களையும் பழமையின் அடையாளமாகப் பார்ப்பர். அக்கீறல்களில் நாம் காண்பதோ, வாங்கிச் சுவைத்துத் திருப்பித் தந்த எண்ணற்ற ஏழைக் கைகள். பழம்பொருளைச் சேர்ப்பது நல்ல பழக்கமே. அதன் அழகோடு, அதனால் ஏமாந்தோரின் வரலாற்றையும் சேர்த்து வைப்போமாக.