கேபார் நதியோரத்துச் சிங்காசனம்

ஆலயப் பணிக்கு 30 வயது என்பது நியாயப்பிரமாணம் வகுத்த முறை. எசேக்கியேல் புத்தகம் ஒரு முப்பதாம் வருஷத்தைச் சொல்லியே தொடங்குகிறது. அதை அவருடைய வயதாகக் கொள்வோர் பலர். நானும் அப்படியே கொள்கிறேன். ஆசாரியரின் மகனான அவர் அந்த வயதில் எருசலேமின் பலிபீடத்தருகே நின்றிருக்க வேண்டியவர். ஆனால் கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் இளம் அரசன் யோயாக்கீனையும், பிரபுக்களையும், தச்சர் கொல்லரையும் சிறைபிடித்துப் போனபோது அவரும் போனார். அந்தச் சிறையிருப்பின் 5-ஆம் ஆண்டில், கேபார் நதியண்டையில், வானம் திறந்தது. நதி என்று நம் வேதாகமம் சொன்னாலும், அது நிப்பூர்ப் பகுதி வயல்களுக்கு நீர் பாய்ச்சிய கால்வாய் என்பது ஆய்வாளர் கருத்து.

அங்கே அவர் கண்ட சிங்காசனத்தின் கீழ்ச் சக்கரங்கள் இருந்தன. நான்கு திசையும் திரும்பாமலே ஓடும் சக்கரங்கள். எருசலேமில் தங்கிவிட்டவர்களோ, சிறைப்பட்டுப் போனவர்கள் கர்த்தரை விட்டே தூரமானவர்கள், தேசம் இனி எங்களுக்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தூரதேசத்தில் அந்தச் சிறைப்பட்டவர்களுக்குத் தாமே பரிசுத்த ஸ்தலமாயிருப்பதாகக் கர்த்தர் பதில் தந்தார். கி.மு. 586-இல் ஆலயம் எரிவதற்கு முன்பே அவருடைய மகிமை வாசற்படியைக் கடந்து கிழக்கு மலைக்குப் போனதையும் எசேக்கியேல் கண்டார்.

சிறையிருப்பு எத்தனை காலம் என்பதில் எருசலேமில் இரண்டு குரல்கள் எழுந்தன. பொய்த் தீர்க்கதரிசி அனனியா இரண்டே ஆண்டில் விடுதலை என்றான். தீர்க்கதரிசி எரேமியா 70 ஆண்டு என்று சிறைப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்துக்காகவும் ஜெபியுங்கள். கடிதத்தைக் கேட்ட முதியவர்களுக்கு, தாங்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். அனனியாவின் சொல் எவ்வளவு இனித்திருக்கும்! ஆனாலும் மறுநாள் காலையில் எழுந்து விதைக்க வலுத் தந்தது எரேமியாவின் சொல்தான். வேதாகமத்தில் இதைவிடக் கனிவான கடிதம் ஒன்றை நான் அறியேன்.

அவர்கள் அப்படியே வாழ்ந்தார்கள் என்பதற்குக் களிமண் பலகைகள் சாட்சி. பாபிலோன் அரண்மனைக் கணக்கில் யோயாக்கீனுக்கும் அவன் 5 மகன்களுக்கும் எண்ணெய் அளந்த பதிவு உண்டு. 'யூதா ஊர்' என்றே பெயர்பெற்ற ஒரு குடியிருப்பின் பலகைகளில் குத்தகையும் கடனும் வரியும் வருகின்றன. அங்கே வாழ்ந்தவர்களில் பலருடைய பெயர்களுக்குள் கர்த்தருடைய நாமம் இருக்கிறது.

கி.மு. 538-இல் பாரசீக அரசன் கோரேசு ஊர் திரும்ப அனுமதி கொடுத்த பின்பும் அநேகர் திரும்பவில்லை. 'யூதா ஊர்'க் கணக்குகள் அதற்குப் பிறகும் இரண்டு தலைமுறை தொடர்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கும் கர்த்தர் பரிசுத்த ஸ்தலமாகவே இருந்தார் என்று நம்புகிறேன்.