தற்கொலைத் தடுப்பு: குடும்பமும் நண்பர்களும் செய்யக்கூடியவை

உலகில் ஆண்டுதோறும் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எம்மவர் மத்தியில் இப்படியொரு மரணம் நிகழ்ந்தால் "கடன் தாங்கேலாமல் செய்துபோட்டான்", "வீட்டுப் பிரச்சினையாம்" என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிடுகிறோம். உண்மையில் எவரும் ஒரே காரணத்தால் இந்த நிலைக்கு வருவதில்லை. கடன் ஒன்று. அதை மறைக்க வேண்டியிருப்பது இன்னொன்று. மறைப்பதால் வரும் தனிமை மூன்றாவது. அல் ஐனில் கணக்காளராக வேலை செய்யும் நான் அன்றாடம் பார்ப்பது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டையும் பற்றி உளவியல் ஆய்வுகள் சொல்வதை இங்கே தொகுத்துள்ளேன்.

மனம் போடும் பிழையான கணக்கு

மனச்சோர்வு, அளவு மீறிய குடி, தூக்கமின்மை, தீராத உடல் வலி, முன்னர் ஒருமுறை முயன்றிருப்பது ஆகியன ஆபத்தைக் கூட்டும். அமெரிக்க உளவியலாளர் தோமஸ் ஜொய்னர் 2005இல் வெளியிட்ட கோட்பாடு இரண்டு உணர்வுகளை முக்கியமாகக் குறிப்பிடுகிறது. "நான் மற்றவர்களுக்குச் சுமை" என்பது ஒன்று. "எனக்கென்று யாரும் இல்லை" என்பது மற்றையது. இரண்டும் ஒன்றுசேர்ந்து, இனி இது மாறப்போவதில்லை என்று தோன்றும்போதுதான் உயிராபத்து நெருங்குகிறது. நான் இல்லாவிட்டால் வீட்டாருக்குச் சுமை குறையும் என்று அந்த மனம் கணக்குப் போடுகிறது. அது நோயுற்ற மனம் போடும் கணக்கு. கடன் அப்படியே இருக்க, ஆயுள் முழுவதற்குமான துயரமும் அந்த வீட்டில் வந்து சேர்கிறது.

குடும்பம்: காப்பும் பாரமும்

மனிதரைப் பிணைக்கும் உறவுகள் தளரும்போது தற்கொலை கூடுகிறது என்று 1897இலேயே பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்க்ஹைம் எழுதினார். எங்கள் மண்ணிலும் இதை ஒத்த ஓர் அவதானிப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் உக்கிரமடைந்த காலத்தில் அங்கு தற்கொலை வீதம் குறைந்ததைப் பதிவு செய்துள்ளார். பொது ஆபத்தில் சனம் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டது.

வளைகுடா வாழ்க்கையில் அந்தப் பிடி தொலைபேசி வழியாக மட்டுமே இருக்கிறது. அல் ஐன் சனயாவில் வேலை செய்யும் ஒருவருக்கு முகவருக்குக் கட்டிய பணம், அடகில் இருக்கும் நகை, தங்கையின் கலியாணம், பாதியில் நிற்கும் வீடு எல்லாம் ஒரே சம்பளத்தில் தங்கியிருக்கும். வேலை போனதை அவர் வீட்டுக்குச் சொல்வதில்லை. வட்டி ஏறியதை மனைவி அவருக்குச் சொல்வதில்லை. இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் இந்த மறைப்பு இருவரையும் தனியாக்கிவிடுகிறது.

தடுக்க முடியும் என்பதற்குச் சான்று

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, அடுத்த பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியானது. உயிரை மாய்க்கும் உந்துதல் பெரும்பாலும் அலைபோல எழுந்து தணிவது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் அந்த நேரம் கடந்து, பலர் மீண்டுவிடுவார்கள்.

இரண்டாவது சான்று, உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நகரங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு. தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு ஒரு மணிநேர ஆலோசனை வழங்கி, 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். இவர்களில் 0.2 வீதமானோரே பின்னர் தற்கொலையால் இறந்தனர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 2.2 வீதம்.

1986இல் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும், தமிழ்நாட்டிலுள்ள ஈழ அகதிகள் மத்தியில் இதே வழியைப் பயன்படுத்தினர். சமூகத் தொண்டர்கள் ஒழுங்காகச் சந்தித்துப் பேசி, நெருக்கடி வந்தால் யாரை நாடுவது, என்ன செய்வது என்று ஒவ்வொருவருக்கும் திட்டம் எழுதிக் கொடுத்தனர். தற்கொலை நடத்தைகள் குறைந்ததாக 2017இல் அறிக்கையிட்டனர். இதைச் செய்தவர்கள் வைத்தியர்கள் அல்லர், சாதாரண மனிதர்கள்.

நாம் செய்யக்கூடியவை

"என்னால எல்லாருக்கும் கரைச்சல்" என்ற பேச்சு, உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்தல், அழைப்புகளைத் தவிர்த்தல், திடீரென எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் நேரடியாகக் கேளுங்கள்: "தம்பி, செத்துப்போகலாம் எண்ட எண்ணம் வருதோ?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, சொல்ல வழி திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். ஏசவோ புத்தி சொல்லவோ வேண்டாம். அவசரமென்றால் அமீரகத்தில் 998 அல்லது 999ஐ அழையுங்கள். மனநல ஆதரவுக்கு 800 4673 என்ற எண் உண்டு. அல் ஐனிலும் உளமருத்துவ சிகிச்சை பெறலாம். மனம் சோர்ந்திருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்வது குற்றமல்ல. ஊரில் இருப்போர் இலங்கையில் 1926 அல்லது 1333ஐயும், இந்தியாவில் 14416ஐயும் அழைக்கலாம்.

கடன்தான் நெருக்குகிறது என்றால், யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று நம்பிக்கையான ஒருவருடன் இருந்து ஒரு தாளில் எழுதுங்கள். தவணையைக் கூட்டித் தரும்படி கேட்க முடியாத கடன் மிகக் குறைவு. ஊரில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த அழைப்பில் காசைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் சாப்பிட்டாரா, நித்திரை கொண்டாரா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.