ஆகாயம் யாருடைய சொத்து?

உழுத நிலத்திற்கு வேலியிடலாம். தோண்டிய கிணற்றுக்குப் பூட்டிடலாம். ஒலியலைகள் உலவும் ஆகாயத்தை “என் சொத்து” என்று ஒருவன் உரிமை கொண்டாட இயலுமோ? இவ்வினாவிற்கு அமெரிக்கா விடை கண்ட வரலாறு, தோட்டத்திலும் பட்டணத்திலும் வானொலிப் பெட்டியின் முன் அமரும் நாம் அறியத்தக்கது.

1912-ம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் ஒலிபரப்ப விரும்பியோர் வர்த்தக மந்திரியிடம் லைசென்ஸ் பெற்றனர். மறுக்கும் அதிகாரமோ மந்திரிக்கில்லை. குறித்த அலைவரிசையிலேயே நிற்குமாறு கட்டளையிடவும் அவருக்கு அதிகாரமில்லையென 1926-ல் ஜெனித் கம்பெனி வழக்கில் கோர்ட்டு தீர்ப்பளித்தது. விளைந்தது யாது? நிலையங்கள் மனம்போல அலை மாறின, சக்தியைப் பெருக்கின, ஒன்றின் குரலை மற்றொன்று விழுங்கிற்று. எல்லோரும் பேசினர், கேட்பவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை!

ஆகவே, 1927 பிப்ரவரி 23-ல் பிரசிடெண்ட் கூலிட்ஜ் கையொப்பமிட்ட சட்டத்தால் 5 அங்கத்தினர் கொண்ட ரேடியோ கமிஷன் ஏற்பட்டது. நிலையங்களின் லைசென்ஸ் அன்று 3 ஆண்டுகளுக்கு மிகாதிருந்தது. அலையின் மேல் பாத்தியதை கோருவதில்லையென ஒப்பினார்க்கே அது கிட்டும். பொதுஜன நலமும் வசதியும் அவசியமுமே அதனை வழங்குதற்குரிய அளவுகோல்கள். 1934-ல் தந்தியும் டெலிபோனும் சேர்க்கப்பட்டு, அக்கமிஷனிடத்தில் செய்திப் போக்குவரத்துக் கமிஷன் அமைந்தது.

இவ்வளவுகோல் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. கான்ஸாஸில் பிரிங்க்லி என்பார், ஆண்மைக் குறைவுக்கு ஆட்டின் சுரப்பியை மனிதருக்குப் பொருத்தும் சிகிச்சை நடத்தினார். முகமறியா நோயாளிகளின் கடிதங்களைத் தம் வானொலியில் வாசித்து, எண்ணிட்ட மருந்துகளை வாங்கச் சொன்னார். 1930-ல் அந்நிலையத்தின் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கமிஷன் மறுத்தது. மூடநம்பிக்கையை விற்றுப் பிழைப்போருக்கு ஆகாயத்தில் இடமில்லை என்றாயிற்று.

ஆயின், காவற்காரனே கண்ணயர்ந்தால்?

மிஸிஸிப்பி ராஜ்யத்து ஜாக்ஸன் நகரில் டபிள்யூ. எல். பி. டி. என்னும் டெலிவிஷன் நிலையம் இருந்தது. அதன் எல்லையில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் கறுப்பர். எனினும் அவர்தம் குறைகளுக்கு அங்கு இடமில்லை. 1955-ல் கறுப்பரின் உரிமைக்கு வாதாடிய வக்கீல் ஒருவர் திரையில் தோன்றியபொழுது, “கம்பிக் கோளாறு” என்று பலகை காட்டி நிகழ்ச்சியை நிறுத்தினர். கோளாறு கம்பியிலன்று, நெஞ்சில்!

1964-ல் ஐக்கிய கிறிஸ்து சபையும் ஆங்குள்ள கறுப்பரும் லைசென்ஸைப் புதுப்பிக்கலாகாதென மனுச் செய்தனர். பணநஷ்டமோ அலைக் குறுக்கீடோ அடையாத வெறும் நேயர்க்கு வழக்காடும் உரிமையில்லையெனக் கமிஷன் தள்ளிவிட்டது. 1966-ல் அப்பீல் கோர்ட்டு அதனை மறுத்து, நேயர்க்கும் வழக்காடும் உரிமையுண்டு எனத் தீர்ப்பளித்தது. விசாரணைக்குப் பின்னும் கமிஷன் நிலையத்தார் பக்கமே சாய, 1969-ல் கோர்ட்டே அந்த லைசென்ஸை ரத்துச் செய்தது.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஓர் உண்மை புலனாகிறது. பேரேடு எத்துணை ஒழுங்காயினும், அதனைப் புரட்டிப் பார்த்து “இது சரியா?” என்று கேட்பார் வேண்டும். சட்டம் அளவுகோலைத் தரும். கமிஷன் அதனைக் கையில் ஏந்தும். அளப்பது நேர்மையாக நிகழ்கிறதாவென்று கேட்கும் கடமை கேட்போருடையது. வாய்மூடி இருப்பார்க்கு ஆகாயமும் அயலார் சொத்தே யாகும்.