மீனம்பாக்கம் டூ பலாலி - 355 கிலோமீட்டர்

மணலி புதுநகரில் இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் போக, வழியில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால், இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான்! கூடப் படிக்கிற நண்பன் சொன்னபோது நம்பவில்லை. மேப்பில் அளந்து பார்த்தேன். நேர்க்கோட்டில் சுமார் 355 கி.மீ. சென்னையில் இருந்து மதுரைக்குப் பறப்பது இதைவிட அதிக தூரம். யாழ்ப்பாணம் நமக்கு நேர் தெற்கே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் இடம் பலாலி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் கம்பெனி தன் முதல் விமானத்தை விட்டது. எங்கே தெரியுமா? கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணம் வழியாக, நம்ம மெட்ராசுக்கு! இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் 'சீதாதேவி'. இலங்கையில் இருந்து இந்தியாவுக்கு வரும் விமானத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவருக்கு நல்ல குசும்பு.

1970களின் கடைசியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. மெட்ராஸ் - யாழ்ப்பாணம் விமானமும் நின்றது. பிறகு போர். பலாலி ராணுவத் தளமானது, சுற்றியிருந்த கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. ஊர்க்காரர்கள் வெளியே.

இங்கேதான் ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குக் கணக்கு உதைக்கிறது. போர் முடிந்த பிறகும் 2019 வரை சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் போக, முதலில் கட்டுநாயக்கா வரை சுமார் 645 கி.மீ. பறக்க வேண்டும். அப்புறம் ரோட்டில் கிட்டத்தட்ட 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும். அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது! 355 கி.மீ. பயணம் ஆயிரத்துக்கு மேல் ஆனது. பூமி நகரவில்லை, ஓடுபாதை அங்கேயேதான் இருந்தது.

2019 அக்டோபர் 17ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ல் அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. நாலே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ல் மறுபடி தொடங்கியது, 2024 செப்டம்பர் 1ல் இண்டிகோவும் வந்தது. எல்லாம் ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானங்கள். மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் 43 நிமிடத்தில் போய்விட வேண்டுமே என்று கேட்கலாம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, மீதி நேரம் இதற்கெல்லாம்.

நண்பன் பிறந்தது புழல் அகதி முகாமில். அவன் அம்மம்மாவின் ஊர் பலாலிக்குப் பக்கம். 1990ல் மன்னார் வரை வந்து, அங்கிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர். விமானத்தைப் பற்றி நான் அவரிடம் ஆசையாகச் சொன்னேன். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, அகதிகளுக்குப் பயண ஆவணம், வெளியேற அனுமதி எல்லாம் வேண்டும் என்று நண்பன்தான் குறுக்கே சொன்னான். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யன்னல் பக்கம் இருந்தால் மாவிட்டபுரம் கோயில் தெரியுமோ தம்பி?" என்று கேட்டார்.

மேப்பில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.