இம்மானுவேல்

இது எபிரேயச் சொல். ‘இம்மானு’ என்றால் நம்முடன். ‘ஏல்’ என்றால் கடவுள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது தமிழ் நாக்கு இடையில் ஒரு வகர உடம்படுமெய்யை நுழைத்துவிட்டது. தானியேல், கபிரியேல் ஆகிய பெயர்களின் முடிவில் இருப்பதும் இதே ‘ஏல்’தான்; முருகனின் வேலுக்கும் இதற்கும் உறவில்லை.

பெயர் பிறந்த இடம் ஒரு போர்க்களப் பதற்றம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆராம், இஸ்ரயேல் மன்னர்கள் கூட்டாக எருசலேமை நெருக்க, யூதாவின் அரசன் ஆகாசு நடுங்கினான். பிறக்கப்போகும் குழந்தை ஒன்றை அடையாளமாகக் காட்டி, அதற்கு இப்பெயரைச் சொன்னார் இறைவாக்கினர் ஏசாயா (7:14). நற்செய்தியாளர் மத்தேயு அதை இயேசுவுக்குப் பொருத்தினார் (1:23). ஆனால் நற்செய்தி நூல்களில் யாரும் அவரை இப்பெயரால் கூப்பிடுவதில்லை! பெயரைவிட வாக்குறுதியாகவே அது நிற்கிறது. மத்தேயு நூல் முடிவதும், உலக முடிவுவரை உடனிருப்பேன் என்று இயேசு சொல்வதோடுதான்.

தமிழில் ‘கடவுள் நம்முடன் இருக்கிறார்’ என்று சொன்னாலும், எபிரேய மூலத்தில் ‘இருக்கிறார்’ என்ற வினையே கிடையாது. ஆகவே காலமும் இல்லை. எபிரேயத்தில் ‘நம்’, ‘எம்’ வேறுபாடும் இல்லை. தமிழில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மொழிபெயர்த்தோர் கேட்பவரையும் உட்படுத்தும் ‘நம்’மையே எடுத்தார்கள்.