வரால் தூண்டிலும் பொய் இரையும்

கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கண்மாவை (இன்றைய செங்கம்) ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில், தூண்டிலிட்டு வரால் பிடிப்போர் வருகின்றனர். மூங்கில் கோல், வளைந்த இரும்பு முள், இறைச்சி வைத்த தோல்பை ஆகியவற்றைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அன்று முள்ளை மறைத்தது உண்மையான இரை.

இன்று வராலுக்குப் பொய் இரையும் உண்டு. ஏரி, குளங்களில் வாழும் இம்மீன் தவளையை விரும்பி உண்ணும். எனவே இலேசான மரத்தைத் தவளை வடிவில் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அடியில் சிறிது ஈயம் பதித்து, வண்ணம் தீட்டி, நீர் புகாதபடி வார்னிஷ் பூசி, முள்ளைப் பொருத்துகின்றனர்.

பசியில்லாத வராலும் இதைக் கவ்வும். குஞ்சுகளைக் காக்கும் வரால் நெருங்கி வருவதையெல்லாம் தாக்கும். அப்போது அதைப் பிடித்தால் குஞ்சுகள் காவலின்றிப் பிற மீன்களுக்கு இரையாகும். குஞ்சுத்திரள் தெரியுமிடத்தில் தூண்டில் வீசாதிருப்பதே ஏரிக்கு நல்லது.