தாத்தா விட்டுச்சென்ற நிலத்தைக் காடாகவே காக்க முடியுமா? வழிகள் என்ன?

குடும்பத்துக்கு நாலு ஏக்கர் ரப்பர் நிலம் இருக்கு. பால் வெட்ட ஆள் இல்லை. மரங்களுக்கு நடுவே காடு ஏறிவிட்டது. ஓரத்தில் ஓர் ஓடை, அங்கே பறவைகள் வந்து போகின்றன. விற்கவும் மனசில்லை, செம்பனை போடவும் மனசில்லை. "அப்படியே விட்டுடலாம்" என்று பல குடும்பங்கள் முடிவெடுப்பது இப்படித்தான்.

தீபகற்ப மலேசியாவில் அது ஆபத்தான முடிவாகலாம். நிலத்தைச் சும்மா விடுவது வேறு, சட்டப்படி பாதுகாப்பது வேறு.

சும்மா விட்டால் என்ன ஆகும்?

1965 தேசிய நிலச் சட்டத்தில் நிலப் பயன்பாட்டுக்கு மூன்று வகைகள்தான்: விவசாயம், கட்டடம், தொழில்துறை. 'இயற்கைப் பாதுகாப்பு' என்று நான்காவது வகை கிடையாது.

விவசாய நிலத்தைப் பயிரிட்டு, முறையாகப் பராமரிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்லும் நிபந்தனை. அதை மீறினால் நில அலுவலகம் நோட்டீஸ் அனுப்பி, சரிசெய்யச் சொல்லலாம். அபராதம் விதிக்கலாம். கடைசிக் கட்டத்தில் நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களுக்குக் காடு பிடிக்கும், சரி. அடுத்த வாரிசுக்கோ, நாளை வாங்குபவருக்கோ பிடிக்கணும்னு அவசியமில்லை. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் ஒரே வாரத்தில் புல்டோசர் வந்துவிடலாம்.

முதலில் கெரானைப் படிங்க

நிலப்பட்டாவில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

• நிலப் பயன்பாட்டு வகை: விவசாயமா, கட்டடமா?

• 'ஷாராட் ஞாத்தா', அதாவது வெளிப்படையான நிபந்தனை: குறிப்பிட்ட ஒரு பயிரைத்தான் போடணும் என்று இருக்கிறதா?

• 'செக்காத்தான் கெபெந்திங்கான்', அதாவது உரிமைக் கட்டுப்பாடு: விற்க, குத்தகைக்கு விட மாநில அரசின் ஒப்புதல் தேவையா?

உங்களுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதை இந்த மூன்று வரிகள்தான் முடிவு செய்யும்.

இணையத்தில் தேடினால் 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்று வருகிறதே?

அது அமெரிக்காவில் பிரபலமான முறை. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால், 'இங்கே மேம்பாடு செய்யமாட்டோம்' என்ற உரிமையை ஓர் அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுப்பீர்கள். நிலம் கைமாறினாலும் அது தொடரும்.

இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. நமது சட்டத்தில் ஈஸ்மென்ட் என்பது ஒரு நிலத்துக்கும் இன்னொரு நிலத்துக்கும் இடையிலானது. பக்கத்து லாட்டுக்கு வழி விடுவது அதற்கு நல்ல உதாரணம். நிலமே இல்லாத ஓர் அமைப்புக்கு அந்த உரிமையைக் கொடுக்க இயலாது.

அப்போ, இங்கே என்ன வழிகள்?

1. வைத்துக்கொண்டே காப்பது. விளைச்சலுக்காக வளர்க்கப்படும் மரங்களும் சட்டப்படி விவசாயம்தான். பட்டாவில் வேறு பயிர் குறிப்பிடப்படவில்லை என்றால் துரியான், பெத்தாய், செம்படாக் கலந்த பழத்தோட்டமாக மாற்றலாம். துரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதே வௌவால்கள்தான்; தோட்டமும் பிழைக்கும், அவையும் பிழைக்கும். செலவு குறைவு. ஆனால், இது உங்கள் காலத்தோடு முடிந்துவிடலாம்.

2. குத்தகை. ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு முழு நிலத்தையும் 99 ஆண்டு வரை, நிலத்தின் ஒரு பகுதியை என்றால் 30 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம். பதிவு செய்யப்பட்ட குத்தகை, நிலத்தை யார் வாங்கினாலும் தொடரும். ஈஸ்மென்டுக்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது இதுதான். கவனம்: குத்தகை எடுப்பவரும் பட்டா நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே.

3. நிபந்தனையை மாற்றக் கேட்பது. 124-ஆவது பிரிவின் கீழ் பயன்பாட்டு வகையையோ வெளிப்படையான நிபந்தனையையோ மாற்ற விண்ணப்பிக்கலாம். முடிவு மாநில அரசின் கையில். கட்டணமும் வரலாம்.

4. அரசிடம் ஒப்படைப்பது. நிலத்தை மாநில அரசுக்குத் திருப்பிக் கொடுத்து, 62-ஆவது பிரிவின் கீழ் பொது நோக்கத்துக்கான ஒதுக்கீடாக அரசிதழில் வெளியிடக் கேட்கலாம். ஒப்படைத்தால் மட்டும் நிலம் காடாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஒதுக்கீட்டைப் பின்னர் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்கணும்.

அமைப்புக்கே விற்பதும் நன்கொடையாகக் கொடுப்பதும் உண்டு. சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில், துண்டு துண்டாகப் பிரிந்த காடுகளை இணைக்க, இப்படித் தனியார் நிலங்கள் விலைக்கு வாங்கப்பட்டிருக்கின்றன. ஆனால், சபா, சரவாக்கில் நிலச் சட்டங்களே வேறு; மேலே சொன்ன பிரிவுகள் அங்கே பொருந்தாது.

நாலு ஏக்கரால் என்ன ஆகிவிடும்?

சிலாங்கூர், கம்போங் குவாந்தானின் மின்மினிகளைக் கேளுங்கள். இரவில் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் அவை மின்னுவதைப் பார்க்கத்தான் எல்லாரும் படகேறுகிறார்கள். ஆனால், மின்மினியின் புழுக்கள் வளர்வது கரையை ஒட்டிய ஈரநிலத்தில், அங்குள்ள நத்தைகளைத் தின்று. மரத்தை மட்டும் காத்து, கரையைச் சுத்தமாக வழித்துவிட்டால் மின்மினி மிஞ்சாது. ஆற்றை ஒட்டிய ஒரு சிறு பட்டை நிலத்துக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு.

உங்கள் நிலத்திலும் ஓடை இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, 5 மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர் விடச் சொல்கிறது.

பணம் கிடைக்குமா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காடுகளைக் காப்பதற்காக மத்திய அரசு 2019 முதல் ஒதுக்கும் இயற்கைச் சூழல் நிதி, மாநில அரசுகளுக்குப் போகிறது. தனிநபர் நில உரிமையாளருக்கு அல்ல.

அடுத்து என்ன செய்யணும்?

• பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? முதலில் வாரிசுப் பெயருக்கு மாற்றுங்கள். சிறிய சொத்து என்றால் நில அலுவலகத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

• கூட்டு உரிமையா? முழு நிலத்தையும் குத்தகைக்கு விடவோ ஒப்படைக்கவோ எல்லாருடைய கையெழுத்தும் வேணும். வங்கியில் அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேணும்.

• நிலவரியை மே மாத இறுதிக்குள் கட்டிவிடுங்கள். பாக்கி வைத்தாலும் நிலம் பறிபோகலாம்.

• நிலத்தில் என்ன இருக்கிறது என்று ஓராண்டு படமெடுத்துக் குறித்து வையுங்கள். மலேசிய இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகளிடம் பேசும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

• எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் நிலச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடும்பத்தில் பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஆண்டுக்கு இந்தக் காடு இருக்கணும்? நம் காலம் வரை போதும் என்றால் பழத்தோட்டம் போதும். பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கணும் என்றால், அதைப் பட்டாவில் பதிய வைக்கணும்.